கடிக்காத குதிரைக்கு நாலு சட்டை

மயிலிட்டித் தங்கமுத்துவின் குதிரை கடிக்கும் என்று இன்றைக்கும் சிலர் சொல்லுகிறார்கள். அது எவரையும் கடித்ததில்லை. பதினாறு வருடம் அதைக் கிட்ட நின்று பார்த்தவள் நான். ஒருமுறை என் குடையின் கைபிடியை நக்கியது, அவ்வளவுதான். ஆனால் அது கடிக்கும் குதிரை என்று ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவள் தங்கமுத்துவேதான். எழுதியதைப் பொய்யென்று சொன்னால் குதிரை தப்பும் என்றபோது சொல்ல மாட்டேன் என்று நின்றவளும் அவள்தான். அவளைப் பற்றி எழுதுவதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1961இல் நான் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட்டில் தாதியாக இருந்தேன். அவளுடைய புருஷன் இளையதம்பி பாய்மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து வந்தார். பதினொரு கிழமை காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டுக் கிடந்தார். ஒன்றுவிட்ட ஒருநாள் தங்கமுத்து வருவாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலடியில் நின்று அழுவது, நேர்த்தி வைப்பது, டொக்டரின் காலில் விழுவது எதுவும் அவளிடம் இல்லை. இனி இவர் மரத்தில் ஏற ஏலாது என்று டொக்டர் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஓரிடத்திலை இருந்து செய்யிற வேலை செய்யலாமோ?"

"செய்யலாம்."

"அப்ப சரி," என்று சொல்லிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

குதிரை அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது. இளையதம்பி நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றிப் போன இடத்தில் இரண்டு கட்டுக் கயிற்றைக் கொடுத்துவிட்டு மாற்றாக ஒரு மட்டக்குதிரையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். சோளகக் காற்றில் வந்ததால் சோளகன் என்று பேர் வைத்தார். "கடலோடிக்குக் குதிரை என்னத்துக்கு? கடலிலை ஓட்டப்போறியளோ?" என்று அவள் ஒரு மாதம் ஏசினாளாம். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அதே குதிரைக்கு ஒரு பழைய வண்டி தேடிப் பூட்டினாள். காலையில் கரைக்கு வரும் மீனை ஆறு மைல் தள்ளி அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டு போனாள். மீன் கடகத்தைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மாட்டு வண்டி போய்ச் சேர வெயில் ஏறிவிடும். குதிரை வண்டி போகும்போது மீனின் கண் இன்னும் தெளிவாக இருக்கும்.

பொம்பிளை ஒருத்தி குதிரை வண்டியில் முன்னுக்கு இருந்து போவதைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? "ராசாத்தி பவனி வாறா," என்று சந்தியில் சைக்கிளோடு நின்ற ஒருவன் சொன்னான். "ஓமடா. வரி கட்டாதவை ஒதுங்கி நில்லுங்கோ," என்று அவள் கடிவாளத்தை ஆட்டிக்கொண்டு போனாள். அவன் பிறகு அவளிடமே மீன் வாங்கினான்.

1962இல் என்னை மயிலிட்டிப் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவள் வீட்டுக்கும் எனக்கும் இரண்டு வேலிதான் இடைவெளி. அந்த வருடம் மாரி பலமாகப் பெய்து, அவளுடைய காணிக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதிலிருந்து கொசுகு கிளம்பியது. நுளம்பிலும் சின்னது, கண்ணுக்கு முன்னால் பொடி பறக்கிற மாதிரி இருக்கும். விடியலிலும் பின்னேரம் பொழுது சாயும்போதும் வரும். மனிதருக்குச் சொறிந்துவிட்டால் போய்விடும். சோளகனுக்குப் போகவில்லை. பிடரி மயிரையும் வாலடியையும் கண்ட கம்பத்திலெல்லாம் உரஞ்சி உரஞ்சி, மயிர் போய், தோல் போய், சிவந்த சதை தெரிந்தது. தன்னுடைய விலாவைத் தானே பல்லால் கிளறியது. சந்தையில் ஒரு கொட்டிலைத் தாங்கிய கப்பையும் உரஞ்சிச் சாய்த்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் தோல் தினவெடுத்தால் 'கடிக்குது' என்போம். பல் பட்டாலும் அதே சொல்தான். 'எனக்குக் கடி' என்றால் எனக்குத் தினவு. 'நாய்க்கடி' என்றால் நாய் கடித்தது. எது எதுவென்று கேட்கிறவனுக்குத் தெரியும் என்று நம்பித்தான் கதைக்கிறோம்.

அரசாங்க மிருக வைத்தியரிடம் மருந்து கேட்டுப் பெட்டிசம் எழுத அவள் சிமியோன் மாஸ்ரரிடம் போனாள். அவர் மலாயாவில் முப்பத்துநாலு வருடம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். ஊரில் எல்லோருக்கும் இங்கிலீசில் பெட்டிசம் எழுதுவது அவர்தான். அவள் சொன்னது இவ்வளவு: "என்ரை குதிரைக்குச் சரியான கடி. ராவும் பகலும் கடி. பாக்க ஏலாமல் கிடக்கு. ஏதும் மருந்து தரவேணும்." அவர் எழுதினார், அவள் கையெழுத்து வைத்தாள்.

மார்கழி முடிவில் பதில் வந்தது. அதுவும் இங்கிலீசில் இருந்ததால் என்னிடம் கொண்டு வந்தாள். நான் வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன்.

"என்ன மிஸ்ஸி, மருந்து அனுப்பியிருக்கினமோ?"

"துவக்கு அனுப்புகினம்," என்றேன். மறைத்து என்ன பயன்?

கடிதத்தில் இருந்தது இது. உமது குதிரை இரவும் பகலும் கடிக்கிறது என்று நீரே கையெழுத்திட்டு அறிவித்திருக்கிறீர். கடியால் பரவும் விசர் நோய்ப் பயம் உள்ள காலம். இரண்டு மாதத்துக்குள் வைத்தியர் வந்து பார்ப்பார். ஆபத்தானது என்று கண்டால் பொலிஸ் அந்த இடத்திலேயே சுடும். அதுவரை குதிரையைத் தெருவில் விடக் கூடாது.

அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். நேரே சிமியோன் மாஸ்ரர் வீட்டுக்குப் போனோம். அவர் தன்னுடைய பிரதியை எடுத்துப் பார்த்தார்.

"நீ சொன்னதைத்தானே எழுதினனான்? கடி எண்டால் கடிதானே?"

"நான் சொன்னது அதுக்குக் கடி எண்டு. அது கடிக்கும் எண்டு ஆர் சொன்னது?"

"இஞ்சை பார், தங்கமுத்து. மலாயாவிலை ஒரு வெள்ளைக்காரன் என்ரை இங்கிலீசிலை பிழை பிடிக்கேல்லை."

"வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாதே, மாஸ்ரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிழை என்று மட்டும் சொல்லவில்லை.

நானே ஒரு விளக்கம் எழுதி அனுப்பினேன். இது தோல் வருத்தம், பல் அல்ல என்று. இரண்டு கிழமையில் பதில் வந்தது. மூன்றாம் ஆளின் விளக்கத்தை ஏற்க முடியாது. சொந்தக்காரியே 'என் முன்னைய கூற்றுப் பொய். என் குதிரைக்குக் கடி இல்லை' என்று ஒப்பமிட்டு அனுப்பினால் விஷயத்தை முடித்துவிடலாம். நல்ல மனதோடு எங்களுக்கு விளங்கும்படி தமிழ் வாசகத்தையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"வையும் கையெழுத்தை," என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் சுகமான வழி என்று நினைக்கிறேன்.

"என்ன எழுதிக் கிடக்கு, இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"குதிரைக்குக் கடி இல்லையோ?"

"இருக்கு."

"அப்ப நான் சொன்னது பொய்யோ?"

"தங்கமுத்து, குதிரை தப்பவேணும்."

"மயிலிட்டி மீன், இண்டைக்குப் பிடிச்சது எண்டு நான் சொன்னால் அச்சுவேலிச் சனம் மூக்கிலை வைச்சுப் பாக்காமல் வாங்குது. நான் பொய் எழுதிக் குடுத்தவள் எண்டு ஒரு கடுதாசி இருந்தால், பிறகு ஒவ்வொரு மீனையும் மணந்து பாப்பினம். பிழை விட்டவர் கையெழுத்து வைக்கட்டும். நான் வையன்."

"சுட்டால்?"

"சுட வரட்டும். வந்து பாக்கட்டும்."

அடுத்த நாள் காலை வழமைபோல வண்டியைப் பூட்டினாள். தெருவில் விடக் கூடாது என்ற கட்டளை அவளுடைய சேலைத் தலைப்பிலேயே இருந்தது.

ஆனால் கோபம் வேறு, வேலை வேறு என்பது அவளுக்குத் தெரியும். வைத்தியர் வரும்போது குதிரை புண்ணும் சீழுமாக, தன்னைத்தானே கடித்துக்கொண்டு நின்றால், சுடு என்றுதான் எவரும் சொல்லுவார். புண்ணை ஆற்ற வேண்டும். புண்ணுக்கு உப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் போதும். கொசுகு திரும்பத் திரும்பக் குத்தினால் எந்த எண்ணெயும் ஆற்றாது. "மூடவேணும்," என்றேன். "கழுத்திலையிருந்து வாலடி மட்டும்." அப்படித்தான் குதிரைக்குச் சட்டை தைக்கத் தொடங்கினார்கள். தைத்தவர் இளையதம்பி. கோடிப்புறத்தில் ஒரு பலகையில் காலை நீட்டி இருந்து, வள்ளத்துப் பாய் தைக்கிற ஊசியோடு. பாய்ப் பொருத்து அவருக்குக் கைவந்த வேலை.

முதற் சட்டை சாக்கு. ஒன்று அறுபது சதப்படி நாலு அரிசிச் சாக்கு. சாக்கு நாரே தோலை அறுத்தது. சோளகன் கப்பில் உரஞ்சி நாலாம் நாள் அதைத் தும்பாக்கிவிட்டது.

இரண்டாவது அமெரிக்கன் மாச்சாக்கு. வெள்ளைத் துணி, மெத்தென்று இருந்தது. இரண்டு நாளில் புண் காயத் தொடங்கியது. ஆனால் வெள்ளை போர்த்த குதிரை தெருவில் போனதும், செத்தவீட்டுக்கு வெள்ளை கட்டினமாதிரிக் கிடக்கு என்று சனம் சொல்லத் தொடங்கியது. "ஆரின்ரை பிரேதம் போகுது, தங்கமுத்தக்கா?" என்று சந்தையில் ஒருவன் கேட்டான். "இன்னும் ஆளைத் தெரிவு செய்யேல்லை. நீ வாறியோ?" என்றாள். அந்தத் துணி ஒன்பதாம் நாள் தோள்மூட்டில் கிழிந்தது. தைத்த இடத்துக்குப் பக்கத்தில் திரும்பவும் கிழிந்தது. மா ஏற்றி இறக்கி ஏற்கெனவே நைந்த துணி அது.

மூன்றாவதுக்கு யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்ப் புதுப் படங்கு வாங்கினாள், லொறிக்கு மூடுகிற சாதி. இருபத்தெட்டு ரூபாய். அதற்காகக் காதுத் தோட்டைக் கழற்றினாள். "பத்து வருசம் கிடக்கும்," என்று கடைக்காரர் சொன்னாராம். கிடந்திருக்கும், பொய்யில்லை. ஆனால் காற்றுப் போகாது. இரண்டு நாளில் உள்ளே வேர்த்து, ஆறின புண்ணும் ஊறி வெளுத்தது. நான் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றச் சொன்னேன். படுக்கையில் கிடப்பவருக்கு இறப்பர்ச் சீலை விரித்து மேலே துணி போடாமல் விட்டால் முதுகு என்ன ஆகுமோ அதேதான். நீடிக்கிற துணி என்பதற்காக நோயாளியை அதற்குள் வைத்து அவிக்க முடியாது. அந்தப் படங்கு மீன் கடகங்களை மூடப் போனது. தோடு திரும்பவில்லை.

அப்போது இளையதம்பி தன்பாட்டில் ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ரை பாய் கிடக்குதே."

வள்ளத்தை விற்றபோது பழைய பாயை அவர் விற்கவில்லை. கொட்டிலின் வளைமரத்தில் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார். பருத்திப் பாய். பதினைந்து வருடக் காற்றையும் உப்பையும் தாங்கி, இளகிப்போய், ஆனால் இழை அறாமல் இருந்தது.

தங்கமுத்து அண்ணாந்து வளைமரத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு இனிப் பாய் வேண்டாமோ?" என்று பிறகு கேட்டாள்.

"நான் எந்த மரத்திலை கட்டப்போறன்? அவன்தானே இப்ப ஓடுறான்."

வெட்டினார்கள். வெள்ளையாக விட்டால் திரும்பவும் பிரேதக் கதை வரும், மழையிலும் உக்கும். வலைக்குச் சாயம் காய்ச்சுகிற பனிச்சங்காய் வாங்கி இடித்து ஊறவைத்து அதில் தோய்த்தார்கள். நைலோன் வலை வந்த பிறகு பனிச்சங்காயைத் தேடுவார் இல்லை. இரண்டு ரூபாய்க்கு ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. துணி கருஞ்சிவப்பாகி இறுகியது. அந்த மணத்துக்குக் கொசுகும் அவ்வளவாகக் கிட்டவில்லை என்று தங்கமுத்து சொல்லுவாள். நான் அதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன்.

கட்டுவது எப்படி என்பது மிச்சமிருந்தது. கயிறு இறுக்கினால் வயிற்றில் வெட்டியது, இளக்கினால் நழுவியது. வயிற்றில் ஒப்பறேஷன் செய்தவருக்கு ஆஸ்பத்திரியில் பலவால் கட்டு என்று ஒன்று போடுவோம். அகலத் துணியின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து பட்டியாகக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று மாறி மாறிப் படிய மடித்துக் கட்டுவது. மூச்சு விட்டாலும் நழுவாது, எங்கேயும் வெட்டாது. குதிரையின் வயிற்றுக்கு அதைத்தான் காட்டிக் கொடுத்தேன். இளையதம்பி ஒவ்வொரு வாலின் அடியிலும் இரட்டைத் துணி வைத்து, கழுத்து விளிம்பில் பாய்க்கயிறு ஓட்டித் தைத்தார். சோளகன் அன்று முழுக்கக் கப்பில் உரஞ்சிப் பார்த்தது. கப்புத்தான் தேய்ந்தது.

பத்து நாளில் புண் மூடியது. மூன்றாம் கிழமை வாலடியில் புது மயிர் குத்திக்கொண்டு வந்தது.

வைத்தியர் காலை பத்து மணிக்கு வருவதாக அறிவித்தல் வந்தது. "பத்து மணிக்கு நான் சந்தையிலை நிப்பன். பின்னேரம் ஐஞ்சரைக்கு வரச் சொல்லி எழுதுங்கோ," என்றாள். எழுதினேன். சரி என்றார்கள். கொசுகு கிளம்பும் நேரம் அது என்று நினைத்துத்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

1963 மாசியில் ஒரு பின்னேரம் வந்தார்கள். மிருக வைத்தியர் கனகரட்ணம், துவக்கோடு ஒரு பொலிஸ்காரத் தம்பி, தன் பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிமியோன் மாஸ்ரர். வேலிக்கு மேலால் பத்துப் பதினைந்து தலைகள். அப்போது என்னிடம் நாடித்துடிப்பு எண்ணச் சொல்லியிருந்தால் தங்கமுத்துவினுடையது நூற்றிருபது இருந்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வைத்தியர் கவனமான மனுசன். பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து முதுகைத் தடவினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சோளகன் அவருடைய சட்டைப் பையை மணந்தது. தூரத்தில் நின்று எழுதுவதற்குக் கொப்பியை விரித்தார்.

"குதிரை சாதுவாத்தான் நிக்குது. ஆனால் இண்டைக்குச் சாது எண்டால் நாளைக்கு? கடிக்குது எண்டு சொந்தக்காரியே கையெழுத்து வைச்சுக் கிடக்கு. அதைப் பொய் எண்டும் நீர் எழுதித் தரேல்லை. நான் என்னெண்டு விட்டிட்டுப் போறது?" சொல்லிக்கொண்டே பின் கழுத்தில் ஒரு அடி அடித்தார். பிறகு முழங்கையைச் சொறிந்தார். கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் சொறிந்தார்.

"என்ன ஐயா, கடியோ?" என்று தங்கமுத்து மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"ஓம். என்ன இது, உடம்பெல்லாம் ஒரே கடியாக் கிடக்கு."

அவள் திரும்பினாள்.

"சிமியோன் மாஸ்ரர், இதையும் இங்கிலீசிலை எழுதுங்கோ. ஐயாவுக்குக் கடியாம். துவக்கோடை தம்பியும் நிக்கிறார், சுடுற வேலை சுகம்."

வேலிக்கு மேலால் இருந்த தலைகள் சிரித்தன. பொலிஸ்காரத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பார்த்தான். வைத்தியர் சொறிந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சிமியோன் மாஸ்ரரிடம் கையை நீட்டி அந்தப் பிரதியை வாங்கி, பொழுது படுகிற வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"மாஸ்ரர், அவ என்ன சொல்லை உங்களுக்குச் சொன்னவ?"

"கடி," என்றார் சிமியோன் மாஸ்ரர். கொஞ்சம் பொறுத்து, "அரிப்பு எண்டு சொல்லியிருக்கலாம்," என்றார்.

"எங்கடை வீட்டிலை ஆரும் அரிப்பு எண்டு சொல்லி நான் கேக்கேல்லை," என்றாள் தங்கமுத்து. "ஐயாவும் சொல்லேல்லை."

வைத்தியர் கொப்பியில் எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்தக் குதிரை கடிக்காது, கடிபடுகிறது என்று எழுதினார். மருந்து கேட்டதற்கு, இதற்கு மருந்து இல்லை, மூடி வைப்பதுதான் வழி என்றார். சீமையில் இதற்கென்றே கம்பளிச் சட்டை விற்கிறார்களாம், தன்னுடைய ஒரு மாதச் சம்பளம் போதாதாம், ஒரு மாரியில் கிழிந்தும் விடுமாம். "இதுக்கு எவ்வளவு முடிஞ்சது?" என்று பாயைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு ரூபா. ஒரு வள்ளம்," என்றார் இளையதம்பி.

ஆனால் கந்தோருக்குக் கந்தோர் வழக்கம் இருக்கிறது. அவள் மறுப்புக் கையெழுத்து வைக்காதபடியால் அந்தக் கடிதக் கோவையை மூட முடியாது என்று அடுத்த மாதம் எழுதினார்கள். திறந்து கிடக்கட்டும், காத்துப் போகட்டும் என்றாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கடிக்கும் குதிரை இன்னும் உம்மிடம் உள்ளதா என்று ஒரு கடிதம் வரும். அவள் சொல்ல நான் எழுதுவேன். 'குதிரை உண்டு. கடியும் உண்டு. சட்டையும் உண்டு.' அதற்குக் கீழே அவளே கையெழுத்து வைப்பாள்.

அந்தப் பாய்ச் சட்டை 1969 வரை கிடந்தது. மாரிக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை சாயம், கழுத்தில் இரண்டுமுறை ஒட்டு, வால்கள் மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். மிச்சப் பாயில் இரண்டாவது ஒன்று தைத்தார்கள். அது குதிரையிலும் அதிக நாள் இருந்தது. சோளகன் 1978இல் வயது முதிர்ந்து, படுத்த இடத்தில் செத்தது. தங்கமுத்து அதற்குப் பிறகு ஒரு சின்ன லொறியில் பங்கு சேர்ந்து மீன் ஏற்றினாள். சட்டையை எறியவில்லை. இளையதம்பி மழை நாளில் காலுக்குப் போர்த்திக்கொண்டார்.

அடுத்த வருடமும் கடிதம் வந்தது. நான் பேனையை எடுத்துக்கொண்டு என்ன எழுத என்று கேட்டேன். கோவை இனியாவது மூடட்டும், குதிரை செத்துவிட்டது என்று எழுதி முடிக்கலாம் என்றும் சொன்னேன். அவள் லொறிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குதிரை செத்துப்போச்சு எண்டு எழுதுங்கோ, மிஸ்ஸி. கடிச்சவை இன்னும் பள்ளத்திலைதான் இருக்கினம், பின்னேரம் ஐஞ்சரைக்கு வந்தால் பிடிக்கலாம் எண்டும் எழுதுங்கோ."

எழுதினேன். கையைத் துடைத்துவிட்டு வந்து கையெழுத்து வைத்தாள்.